ஐந்தாம் தேதிக் கட்டம்

ஞானசிகாமணி அண்ணாச்சி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேதாகமத்தையும் அவர் ரயில் நேரம் பார்த்த மாதிரியேதான் வாசித்தார். காலையில் பழைய ஏற்பாடு, மாலையில் புதிய ஏற்பாடு. காய்ச்சலில் கிடந்த நாளில்கூட மனைவியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கஞ்சி குடித்தார்.

அவருடைய சபையில் ஒரு வழக்கம் உண்டு. புது வருஷம் பிறந்ததும் ஆளுக்கு ஓர் அட்டை எழுதிக் கோயில் சுவரில் மாட்டுவார்கள். நாளுக்கு ஒரு கட்டம், அதில் அன்றைக்கு வாசிக்க வேண்டிய அதிகாரங்கள். வாசித்துவிட்டேன் என்று சொன்னால், சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் அந்தக் கட்டத்தில் ஒரு ஸ்டார் ஒட்டுவார். வருஷம் முழுக்க ஒரு கட்டமும் காலியில்லாதவர் அண்ணாச்சி ஒருவர்தான். அவருக்கு இது இருபதாவது வருஷம். இந்த முறை முடித்தால் பொன்னாடை போர்த்துவது என்று கமிட்டியில் பேசியாகிவிட்டது.

ஜனவரி ஒன்றாம் தேதி ஆராதனை முடிந்து எல்லோரும் கேக் சாப்பிடப் போன நேரத்தில், அண்ணாச்சி கிதியோன் உபதேசியாரிடம் வந்தார்.

"உபதேசியாரே, பத்தொன்பது தடவை வாசிச்சிட்டேன். எனக்குள்ள ஒண்ணும் அசையலியே. ஏன்?"

உபதேசியார் அண்ணாச்சியைவிட இருபது வயது இளையவர். கேட்டவுடன் பதில் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அதனால் அவருக்குப் பேச வராது என்று நினைத்தவர்களும் சபையில் இருந்தார்கள்.

"வாசிங்க அண்ணாச்சி. பாப்போம்," என்றார்.

நாலு நாளுக்கு நாலு ஸ்டார் விழுந்தது. ஐந்தாம் தேதி மாலை அண்ணாச்சி வந்து, "மத்தேயு அஞ்சாம் அதிகாரம் ஆச்சு," என்றார்.

உபதேசியார் ஸ்டாரை எடுக்கவில்லை.

"பலிபீடத்துக்கிட்ட காணிக்கையோட நிக்கிறவனைப் பத்தி அதுல வருமே?"

"வரும். காணிக்கையை அங்கேயே வச்சிட்டு, முதல்ல போயி சகோதரனோட சமாதானமாகணும்னு."

"போனீங்களா?"

அண்ணாச்சியின் முகம் சிவந்தது. அவருக்கு ஓர் அண்ணன் உண்டு, வேதமாணிக்கம். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் பூர்வீக வீட்டில் இருந்தார். இருவரும் பேசி இருபது வருஷம். அது ஊருக்கே தெரியும்.

சண்டை வந்தது அப்பாவின் வேதாகமத்துக்காக. குடும்பத்தில் பிறந்தவர் பெயரையும் மரித்தவர் பெயரையும் முன்பக்கங்களில் எழுதி வைத்திருந்த பழைய புத்தகம். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, மூத்தவன் நான் என்று அண்ணன் அதை எடுத்துக்கொண்டார். சொந்தபந்தம் எல்லாம் நிற்கையில், "திறந்துகூடப் பாக்காதவனுக்கு அது எதுக்கு?" என்று தம்பி கேட்டார். "உன் பேரை அதுலேருந்து அடிச்சிருவேன்," என்றார் அண்ணன். தம்பி நேரே கடைக்குப் போய்ப் புது வேதாகமம் ஒன்று வாங்கினார். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த வாசிப்பு. ஊர் அதைப் பக்தி என்று நினைத்தது. நாளாவட்டத்தில் அவரும் அப்படியே நினைத்துக்கொண்டார்.

"மத்தவங்களுக்கெல்லாம் கேக்காம ஒட்டுதீரு. எனக்கு மட்டும் என்னவே பரீட்சை?" என்றார் அண்ணாச்சி.

"அவங்க யாரும் ஏன்னு எங்கிட்ட கேக்கலியே. நீங்க கேட்டீங்க."

"சரி. நாளைக்கு ஆறாம் அதிகாரம் வாசிச்சிட்டு வாரேன்."

"நாளைக்கும் இதையே வாசிங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி குடையைத் தட்டிக்கொண்டு வெளியே போனார். இனி இந்த ஆள் முகத்தில் விழிப்பதில்லை என்றுதான் போனார். ஆனால் மறுநாள் ஐந்தாம் அதிகாரத்தைத்தான் திறந்தார். ஏன் என்று கேட்டவர் அவர்தானே.

பிப்ரவரியில் மற்றவர்கள் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்துக்கு வந்துவிட்டார்கள். அண்ணாச்சியின் அட்டையில் நாலே ஸ்டார். பாடகர் குழுவில் ஒருவர், "அண்ணாச்சி வண்டி அஞ்சாந்தேதியிலேயே சிக்னலுக்கு நிக்குதோ?" என்று கேட்க, கோயில் வாசலில் நல்ல சிரிப்பு. அண்ணாச்சியும் சிரித்த மாதிரி காட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். பொன்னாடைப் பேச்சு அதோடு நின்றுபோனது.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஜெபக் குறிப்பில் ஒரு பெயர் வாசிக்கப்பட்டது. வேதமாணிக்கம், வயது எழுபத்தொன்று, பக்கவாதம், பேச்சு நின்றுவிட்டது.

அன்று மாலை அண்ணாச்சி உபதேசியாரிடம் வந்தார்.

"ஒரு கடுதாசி போட்டா போதாதா?"

"'போ'ன்னுதான எழுதியிருக்கு."

"போனா, அவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டார்னா?"

"அதைப் பத்தி அதுல ஒண்ணும் எழுதல அண்ணாச்சி."

அண்ணாச்சி அன்றும் போகவில்லை. மே போனது, ஜூன் போனது. ஜூலையில் அவருக்கு ஒரு பேத்தி பிறந்தாள். அண்ணனுக்கு இப்போது பால்கூட இறங்குவது கஷ்டம் என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். அண்ணாச்சி தினமும் அதே அதிகாரத்தை வாசித்தார். இரண்டு பக்கம்தான். முன்பெல்லாம் ஆறு நிமிஷத்தில் முடிப்பார். இப்போது ஒரு மணி நேரம் ஆனது.

ஆகஸ்டில் ஒரு நாள் விடிந்ததும் ஓடி வந்தார். உபதேசியார் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தார்.

"உபதேசியாரே, நான் இத்தனை வருஷமும் தப்பா வாசிச்சிருக்கேன். எனக்கு அண்ணன் மேல குறை இருந்தா போகணும்னுல்லா நெனச்சேன். அப்படி இல்ல. அவருக்கு எம்மேல குறை இருந்தா, நான் போகணும்."

உபதேசியார் கயிற்றை விட்டார்.

"முதல் பஸ் ஆறே காலுக்கு," என்றார்.

நாலு நாள் கழித்து அண்ணாச்சி திரும்பி வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. கோயிலுக்குள் பெஞ்சில் உட்கார்ந்து நெடுநேரம் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார். உபதேசியாரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவரால பேச முடியல. வலது கை விளங்கல. நான் காலைப் பிடிச்சிக்கிட்டு, அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னால உங்களை அப்படிச் சொன்னது தப்பு அண்ணேன்னு சொன்னேன். அவரு தலைமாட்டைக் காட்டினாரு. அப்பாவோட வேதாகமம் இருந்துச்சு. திறந்து பாருன்னு கண்ணாலயே சொன்னாரு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் உபதேசியாரே. என் பேரை அடிச்சிருப்பாருன்னு நெனச்சேன். அடிக்கல. அதுக்குக் கீழ..." அண்ணாச்சி பெஞ்சின் மேல் விரலால் வரிவரியாகக் கோடு இழுத்தார். "அதுக்குக் கீழ என் பேரன் பேத்தி பேரெல்லாம் எழுதியிருக்காரு. யாரு யாருகிட்டயோ விசாரிச்சி, பொறந்த தேதியோட. போன மாசம் பொறந்த பேத்தி பேரு மட்டும் கோணல்மாணலா இருந்துச்சு. இடது கையால எழுதியிருக்காரு."

அண்ணாச்சி வாய்விட்டு அழுதார். அறுபத்து மூன்று வயதில், கோயில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, குழந்தை மாதிரி அழுதார். உபதேசியார் அவரைத் தேற்றவில்லை. அழுது முடிகிறவரை பக்கத்தில் இருந்தார்.

"திறந்து பாக்காதவன்னு சொன்னேனே. அவரு திறந்துக்கிட்டேல்லா இருந்திருக்காரு."

"அண்ணன் இப்ப எப்படி இருக்காரு?"

"நான் ஊட்டினா ரெண்டு ஸ்பூன் கஞ்சி இறங்குது. திங்கக்கிழமை திரும்பப் போறேன்."

உபதேசியார் எழுந்து போய் ஸ்டார் டப்பாவைத் திறந்தார். ஒரு ஸ்டாரை எடுத்து ஐந்தாம் தேதிக் கட்டத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார்.

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதிக் கட்டங்களை எண்ணிப் பார்த்தார். பழைய ஸ்டேஷன் மாஸ்டர் புத்தி எங்கே போகும்?

"இருநூறு நாளைக்கு மேல லேட்டு, உபதேசியாரே. இனி எப்படி ஓடிப் பிடிக்கப் போறேன்?"

"எதுக்கு ஓடணும்?" என்றார் உபதேசியார். "நாளைக்கு ஜனவரி ஆறு அண்ணாச்சி."