இரண்டாவது கழுநீர்

காலை மணி ஆறு பத்து. மொட்டை மாடியில் பதினேழு தொட்டிகள். பதினாறில் செடி காய்ந்துவிட்டது. பதினேழாவதன் முன்னால் குந்தியிருந்தார் குற்றாலிங்கம்.

தொட்டி என்பது பேச்சுக்குத்தான். பெயிண்ட் வாளி, எண்ணெய் டின், அடியில் ஓட்டை விழுந்த சருவப் பானை. எல்லாம் அவர் மனைவி பகவதி சேர்த்து வைத்தவை. கறிவேப்பிலை, மல்லி, கற்பூரவல்லி, தூதுவளை என்று அந்த வீட்டுச் சமையலில் பாதி மாடியிலிருந்துதான் இறங்கி வந்தது. பகவதி நவம்பரில் இறந்தாள். இது மார்ச். மிஞ்சியது ஒரு வாளிப் புதினா. அதுவும் தலை தொங்கிக் கிடந்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய்க்கு வயது முப்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். செடியைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் சொல்லிக் கொடுப்பதால் தெருவே அவளைக் கேலியாக டீச்சர் என்று கூப்பிடும். அறுபத்து மூன்று வயதுக் குற்றாலிங்கம் மட்டும் கேலியில்லாமல் கூப்பிட்டார். இரண்டு மாதமாக அவர் அவளுடைய மாணவர். சொன்னதை எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் வைத்திருந்தார்.

"டீச்சரம்மா, இதாவது பிழைக்குமா?"

அவள் வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன ஊத்துனீங்க அண்ணாச்சி?"

"நீ சொன்னதைத்தான். அரிசி கழுவுன தண்ணி. காலையில ஆறு பத்து, சாயங்காலம் ஆறு பத்து. ஒரு நாள் தவறல."

"பஸ் டிப்போவுல டைம்கீப்பரா இருந்தவருக்கு நேரம் தவறுமா? அரிசி யாரு கழுவுனா?"

"மெஸ்ஸுல. அங்கதான மூணு வேளையும் சாப்பாடு வாங்குதேன். அப்படியே ஒரு கேன்ல கழுநீரும் தரச் சொன்னேன்."

பேச்சித்தாய் வாளி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"உப்பு. சாம்பார் அண்டா கழுவுனது, எச்சித் தட்டு கழுவுனது எல்லாம் இதுல இருக்கு. மெஸ்ஸுக்காரங்களுக்கு எல்லாத் தண்ணியும் கழுநீர்தான். பதினாறுக்கும் இதையேவா ஊத்துனீங்க?"

"ஆமா."

"நல்லா விருந்து வச்சிருக்கீங்க."

அவர் சிரிக்கவில்லை. "அவ வச்சது. நான் கொன்னுட்டேன்."

"மதினி எவ்வளவு ஊத்துவாங்க?"

குற்றாலிங்கம் யோசித்தார். தென்காசி பஸ் ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு டிப்போவை விட்டது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வார். இது தெரியவில்லை.

"முழங்கால் வலியோட குண்டானைத் தூக்கிட்டுப் படியேறுவா. சாக்கடையில கொட்டுறதைச் சுமந்துட்டுப் போறியேன்னு ஏசியிருக்கேன். எவ்வளவுன்னு பார்த்ததில்ல."

பேச்சித்தாய் உள்ளே போனாள். ஒரு உழக்கு அரிசியைக் குண்டானில் போட்டு, செம்பில் தண்ணீரும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"கழுவுங்க."

அவர் கழுவினார். நாலு அரிசி தரையில் சிதறியது. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார்.

"முதல் தண்ணியில தூசி இருக்கும், கொட்டிருங்க. ரெண்டாவது தண்ணிதான் செடிக்கு. முதல்ல நாலு நாள் வெறும் நல்ல தண்ணியா ஊத்தி உப்பை வெளியேத்துங்க. அப்புறம் இது."

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதினார். எழுதிவிட்டுக் குண்டானைப் பார்த்தார்.

"தினமும் கழுவணுமா?"

"தினமும்."

"கழுவுன அரிசியை என்ன செய்ய?"

"பொங்குங்க."

"சாப்பாடுதான் மெஸ்ஸுல சொல்லியாச்சே. ஒரு ஆளுக்காகவா அடுப்பு பத்தவைக்கச் சொல்லுத?"

சொல்லி முடித்ததும் அந்தப் பேச்சு அவருக்கே முன்பு கேட்டதாகப் பட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், படுத்தபடியே பகவதி கேட்டாள். கொஞ்சம் கஞ்சி வச்சு, மாடியில புதினா கிடக்கு, ஒரு துவையல் அரைச்சுத் தாங்களேன். அன்றைக்கும் அவர் இதையேதான் சொன்னார். ஒரு ஆளுக்காகவா அடுப்பு? மெஸ்ஸில் கஞ்சி வாங்கி வந்தார். அவள் இரண்டு வாய் குடித்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

இதெல்லாம் பேச்சித்தாய்க்குத் தெரியாது. அவள் புதினாவில் கருகிய இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"மதினிக்குக் காலையில பழைய சோறு. மத்தியானம் சட்டியில ஒட்டுனது. மாடியில செடிகிட்ட நின்னு சாப்பிடுறதைத் தினமும் பார்ப்பேன்," என்றாள். "அவங்களும் ஒரு ஆளுக்காகத்தான் அண்ணாச்சி அடுப்பு பத்தவச்சாங்க."

குற்றாலிங்கம் நோட்டை மூடினார். ஒரு கையில் வாளி, ஒரு கையில் குண்டான். அவள் வீட்டு வாசற்படி இறங்கிப் போனார்.

2018 நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, பகவதியின் முதலாண்டுத் திதி. படையலில் கஞ்சியும் புதினாத் துவையலும் வைக்கப்பட்டன. சமைத்தவர் குற்றாலிங்கம். கஞ்சி சற்று அடிப்பிடித்திருந்தது.