ஈயின் மேல் நிற்க மறுத்த மடக்கை

கணக்கில் லாக் எனப்படும் மடக்கை என்னும் சொல்லின் கடைசியில் வரும் 'கை' வெறும் விகுதி என்று மாணவர்கள் நம்புகிறார்கள். ஆசிரியர்களும் நம்புகிறார்கள். அகராதிகளோ மௌனமாக இருந்தே இந்தப் பெரும்பிழைக்குத் துணைபோகின்றன. இனியும் பொறுப்பதற்கில்லை. அது கைதான். ஒரு காலத்தில் ஐந்து விரலும் விரிந்திருந்த கை.

அந்தக் காலத்தில் எண்களுக்குப் பேச்சு இருந்தது. மடக்கை அவற்றுக்கெல்லாம் அக்கா. ஓர் எண்ணின் தலைமேல் யார் அடுக்காக ஏறி உட்கார்ந்திருந்தாலும் கையை நீட்டித் தரையில் இறக்கிவிடுவாள். ஆனால் அவள் நிற்பதற்கு அடிமானமாக ஓர் எண் வேண்டும்.

வளர்ச்சி வேகத்தை அளக்கும் வகையீட்டார் ஒருநாள் எக்ஸ் இரட்டையரிடம் வந்தார். தம்பி எக்ஸ் கீழே நின்றான். அவன் தலைமேல் அடுக்காக அண்ணன் எக்ஸ்.

"என்ன வேகத்தில் வளர்கிறீர்கள்? பொழுது சாய்வதற்குள் சொல்லாவிட்டால் அழித்துவிடுவேன்."

"அண்ணனை முன்னால் இறக்கிவைத்து, மேலே ஒன்றைக் குறைத்தால் போதும் ஐயா," என்றான் தம்பி.

"மேலே இருப்பவன் அசையாதவனாக இருந்தால்தான் அது போதும். உன் அண்ணன்தான் உன்னோடு சேர்ந்து நகர்கிறானே!"

இருவரும் அலறிய அலறலில் மடக்கை ஓடிவந்தாள்.

"என் மேல் நில், அக்கா," என்றது ஈ. ஆங்கில 'e' எழுத்தால் குறிக்கப்படும், இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைந்த எண் அது. தசமப் புள்ளிக்குப் பின் முடிவே இல்லாதது.

மடக்கை சிரித்தாள். "ஈயின் மேலா? நசுங்கிவிடுவாய். எங்கே முடிகிறாய் என்று உனக்கே தெரியாது. நான் பாதத்தை எங்கே வைப்பது?"

"ஈ என்றால் கொடு என்றும் பொருள் உண்டு, அக்கா."

எல்லா எண்களும் சிரித்தன. அவள் பத்தின் மேல் ஏறி நின்றாள். அண்ணனை இறக்கினாள். "எக்ஸின் மடக்கையோடு ஒன்றைக் கூட்டுங்கள். உயரத்தைப்போல் அத்தனை மடங்கு வேகம்," என்றாள்.

ஒன்றாம் இடத்தில், அதாவது எக்ஸ் ஒன்றாக நிற்கும்போது, வகையீட்டார் அளந்தார். ஒரு மடங்கு, சரி. கைதட்டல் எழுந்தது. பத்தாம் இடத்தில் அளந்தார்.

"இரண்டு மடங்கு என்கிறாய். இங்கே மூன்றையும் தாண்டுகிறது! பத்தின் மேல் நின்றால் உன் ஏற்றமே சுருங்கிவிடும் அம்மா. ஈயின் மேல்தான் அது உள்ளபடி இருக்கும்." அழிக்கும் துணியைக் கையில் எடுத்தார்.

மடக்கை பத்தின் மேலிருந்து இறங்கினாள். ஈ தானாகவே வந்து அவள் காலடியில் நின்றது. கணக்கு சரியானது. இரட்டையர் பிழைத்தார்கள்.

"உன் பெயரை என் காலடியில் எழுதிவைக்கிறேன்," என்றாள்.

"வேண்டாம், அக்கா. எழுதினால் படிப்பார்கள். படித்தால் சிரிப்பார்கள்."

எழுத நீட்டிய விரல்களை அவள் மெல்ல மடக்கிக்கொண்டாள். அடுக்குகளை இன்றும் இறக்குகிறாள், மடக்கிய கையாலேயே.

அன்று முதல்தான் வகையிடல் பாடத்தில் மடக்கையின் காலடியில் ஒன்றும் எழுதப்படாவிட்டால் அங்கே ஈ நிற்கிறது என்று கொள்கிறோம். கால்குலேட்டரின் லாக் பொத்தான் மட்டும் இன்னும் பத்தின் மேலேயே நிற்கிறது. சென்ற வாரம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி மகிழ்மொழி அதை அழுத்திப் பார்த்து, இரட்டையருக்குப் பத்தாம் இடத்தில் வேகம் இரண்டு மடங்கு என்று எழுதினாள்.