கேட்டு ஊட்டிய உலகம்மையார்

தாமிரபரணி வற்றாமல் ஓடும் ஊர் அது. ஆற்றைப் பார்த்தபடி மரகதவல்லி அம்மை கோயில் கொண்டிருக்கிறாள். கோயிலுக்கு எதிர்த்தெருவில், கைகால் முடங்கியவர்களும் பேச்சு வராதவர்களும் தங்கியிருக்கும் இல்லம் ஒன்று உண்டு. அங்கே மலமும் சிறுநீரும் பட்ட துணிகளை அலசித் துவைத்து உலர்த்தும் வேலையைச் செய்துவந்தவர் உலகம்மையார்.

விடியும் முன்பே ஆற்றில் முழுகி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அம்மை சன்னதியில் கண்மூடி நிற்பார். பிறகு இல்லத்துக்கு வந்து துணியில் கை வைத்தால், துவைத்து முடியும்வரை வாய் அம்மையின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். "பீத்துணி அலசிக்கிட்டே சாமி பேரச் சொல்லுதியே, தீட்டு இல்லையா?" என்று படித்துறையில் பெண்கள் கேலி செய்வதுண்டு. "அவளும் பிள்ள பெத்தவதானே, அவ அலசாத துணியா?" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அவருக்கு ஒரே மகள் இருந்தாள். பிறந்தது முதல் நடக்கவோ பேசவோ இயலாத அந்தக் குழந்தை, விவரம் தெரியும் வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோயிற்று. மகளை மண்ணுக்குக் கொடுத்த பின்புதான் உலகம்மையார் இல்லத்து வாசலில் வந்து நின்று வேலை கேட்டார். அங்கிருந்த அனைவரையும் அம்மையின் வடிவமாகவே கண்டார். முப்பது வயதைக் கடந்த செண்பகத்திடம் அவருக்குத் தனி அன்பு. செண்பகத்துக்குக் கைகால்கள் இறுகி மடங்கியிருந்தன, பேச்சும் இல்லை. துவைக்கும் வேலை முடிந்ததும் அவளைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டுக் கஞ்சி ஊட்டுவார். ஒவ்வொரு கரண்டிக்கும் அம்மையின் ஒரு நாமம் சொல்வார்.

இப்படியிருக்கையில், மாற்றுத்திறனாளிகளுக்குத் துணை செய்வோருக்கு நகரத்துக் கல்லூரியில் பயிற்சி தர அரசு ஏற்பாடு செய்தது. கட்டணம் இல்லை. போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் உதவித்தொகையும் உண்டு. இல்லத்தை நடத்திவந்த எஸ்தர் அம்மா உலகம்மையாரை அழைத்தார்.

"உலகம்ம, ஒன் பேரத்தான் குடுத்திருக்கேன்."

"நமக்கு எட்டாங்கிளாசுதானேம்மா. காலேஜ் வாசல்ல போய் நின்னா வாட்ச்மேன் வெரட்டிருவாரு."

"வெரட்டினா நான் வந்து கேக்கேன். நீ போயிட்டு வா."

அம்மையே அந்த வாயால் சொல்வதாக எண்ணி உலகம்மையார் பேருந்து ஏறினார்.

வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கரும்பலகையில் எழுதுவதை அவர் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். பட்டையாகத் திருநீறு பூசி, முணுமுணுத்துக்கொண்டே இருந்தவரை அவர்கள் 'சாமியாரக்கா' என்று அழைத்துச் சிரித்தார்கள். அவர் அதையும் ஒரு பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

ஒருநாள் செயல்முறை வகுப்பு. ஒருவர் கண்ணையும் கையையும் துணியால் கட்டிக்கொண்டு, வாய் பேசாமல் உட்கார வேண்டும். மற்றவர் ஊட்ட வேண்டும். பேச்சியம்மாள் என்ற மாணவி கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உலகம்மையார் வழக்கம்போல நாமத்தை முணுமுணுத்தவாறே உப்புமாவை ஊட்டினார். நாலாவது கரண்டியில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைக்கட்டை உதறிவிட்டுக் கண்கட்டையும் உருவி எறிந்தாள்.

"ஏக்கா, நான் என்ன செலையா? பூசை பண்ணுத மாதிரில்லா ஊட்டுதிய! நாக்கு வெந்துபோச்சு. போதுமான்னு ஒரு வார்த்த கேட்டியளா?"

வகுப்பே சிரித்தது. உலகம்மையார் கரண்டியை வைத்துவிட்டு உப்புமாவை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சூடா இருந்துச்சா தாயி? எனக்குத் தெரியலியே" என்றார்.

அன்று மாலை அம்மை சன்னதியில் நின்றவருக்கு நாமம் வரவில்லை. அழுகைதான் வந்தது. "எம்மா, இத்தன காலமும் ஒருவாட்டி கூட இல்லத்துல இருக்கவியகிட்ட கேக்கலியே. எம் மவகிட்டயும் கேக்கலியே. அவளுக்கு எது பிடிக்கும்னு தெரியாமலே அனுப்பிட்டேனே" என்று தேம்பினார். கருவறையிலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பயிற்சியை விடவில்லை.

மறுநாள் காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு செண்பகத்தின் எதிரே அமர்ந்தார். வகுப்பில் கற்றபடியே சொன்னார்: "செண்பகம், வேணும்னா மேல பாருங்க. வேண்டாம்னா கண்ண மூடிக்கிடுங்க. கஞ்சி ஊட்டட்டுமா?"

செண்பகம் அசையவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. கஞ்சியில் ஆடை படிந்தது. வேலைக்காரி ஒருத்தி, "மத்தவியளுக்குப் பசிக்காதா? ஊட்டிட்டு வாங்களேன்" என்று அவசரப்படுத்தினாள். உலகம்மையார் காத்திருந்தார். வெகுநேரம் கழித்துச் செண்பகம் கண்களை இறுக மூடினாள். திறந்தபோது அவள் பார்வை பக்கத்துத் தட்டிலிருந்த நார்த்தங்காய் ஊறுகாய் மேல் நின்றது.

"இதுவா? இது வேணுமா?"

கண்கள் மேலே உயர்ந்தன. நாக்கில் துளி தடவியதும் முகத்தைச் சுளித்தாள், உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்திராத எஸ்தர் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்.

அதன்பின் உலகம்மையார் கேட்காமல் எதையும் செய்வதில்லை. எந்தச் சேலை, எந்தப் பக்கம் படுக்கை, கதவு திறந்திருக்கட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பயிற்சியில் தேறிச் சான்றிதழும் பெற்றார். ஆடிப்பூரத்தன்று கோயில் மேளம் கேட்டபோது, செண்பகத்தின் கண்கள் சன்னல் வழியே கோபுரத்தின் மேலேயே நின்றன.

"போகணுமா?"

கண்கள் உயர்ந்தன. பல ஆண்டுகளாக அவளுக்குப் பிரசாதம் கொண்டுவந்தவர்கள் உண்டு. அவளைக் கொண்டுபோனவர் இல்லை.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தவரைக் கோயில் தருமகர்த்தா மறித்தார். "இந்தக் கூட்டத்துல இதுகள எதுக்கு இழுத்துட்டு வாரிய?"

"நான் இழுத்துட்டு வரல அண்ணாச்சி. வரணும்னு சொன்னது இவிய. நான் கூடத் துணைக்கு வந்திருக்கேன்."

தருமகர்த்தா ஒதுங்கி வழிவிட்டார். உலகம்மையார் குனிந்து, "படி இருக்கு, தூக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டுச் சம்மதம் பெற்றார். வரிசையில் நின்றவர்கள் சிலர் தாமாகவே முன்வந்து நாற்காலியைத் தூக்கினார்கள்.

தீபாராதனை நடந்தது. மணியோசை ஓய்ந்த அந்தக் கணத்தில், அம்மையின் வலத்தோளிலிருந்து செவ்வரளிப் பூ ஒன்று நழுவி விழுந்தது. அம்மையின் வலப்பக்கம் பூ விழுந்தால் அதை அவளது உத்தரவாகக் கொள்வது அவ்வூர் வழக்கம். கூட்டம் கைகூப்பியது. பட்டர் பூவை எடுத்துக்கொண்டு நேரே நாற்காலிக்கு வந்து, செண்பகத்தின் கொண்டையில் வைக்கக் கையை நீட்டினார்.

"சாமி, அவியகிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க" என்றார் உலகம்மையார்.

பட்டர் நீட்டிய கையைப் பின்னிழுத்துக்கொண்டார். பின்பு, "பூ வச்சுக்கிடுதியாம்மா?" என்று கேட்டார்.

செண்பகம் கண்களை மூடினாள். திறந்து, மெல்லத் திரும்பி, உலகம்மையாரின் தலையையே பார்த்தாள். கணவர் மறைந்த நாள் முதல் பூ ஏறாத தலை அது.

"எனக்கா? வேண்டாம் தாயி, நமக்கு ஆகாது" என்று அவர் பின்வாங்கினார்.

செண்பகத்தின் பார்வை அசையவில்லை. பட்டரின் கண்கள் நிறைந்தன. "அம்மை யாருக்குக் குடுக்கச் சொன்னாள்னு எனக்கு இப்பத்தான் வெளங்குது. குனிங்கம்மா" என்றார்.

ஊரார் பார்த்திருக்க, மரகதவல்லி அம்மையின் தோளில் இருந்த பூ உலகம்மையாரின் நரைத்த கூந்தலில் ஏறியது. தெய்வம் வாய்திறக்கப் பொறுமையோடு காத்திருந்த அந்த அடியவரின் திருவடிகளை நாமும் வணங்குவோமாக.