நாளைக்கு வாங்க

“கடையை மூடப் போறேன் அம்மா.”

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இளையபெருமாள் சொல்லிவிட்டார்.

மடத்தம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இளையபெருமாளைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் பத்து வருடமாக அவருக்குக் குரு இந்த அம்மாதான்.

“ஊர் மாறிப்போச்சு. கல்யாணத்துக்கு அண்டாவும் குத்துவிளக்கும் வாங்கின காலம் போச்சு. போன்ல தட்டினா வாசல்ல வந்து குக்கர் இறங்குது. என் பாத்திரக்கடைக்கு யார் வருவா?”

“யாருமே வரலையா?”

“வர்றவங்களும் வாங்குறதில்லை. செல்போன் கடை வைக்க ஒருத்தர் கேக்காரு. வெள்ளிக்கிழமை சாவி வாங்க வரச் சொல்லியிருக்கேன். இன்னும் முன்பணம் வாங்கலை. அப்பா ஆரம்பிச்ச கடை அம்மா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மனசு ஆறும்.”

கண் கலங்கிவிட்டது மனுஷருக்கு.

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. வெண்டைக்காய் குறைந்துகொண்டே வந்தது.

கடைசிக் காயையும் நறுக்கிவிட்டுக் கேட்டார்.

“ஒரு ஆளுக்குக் கஞ்சி வைக்கிற அளவுல, மூடியோட ஒரு பாத்திரம் இருக்கா அண்ணாச்சி?”

“நாளைக்கு வாங்கம்மா.”

யோசிக்காமலே வந்துவிட்டது பதில்.

“நாளைக்கு வந்தா இருக்குமா?”

இளையபெருமாள் நெளிந்தார். “இருக்காது.”

“பின்னே?”

“கடையில இல்லைங்கிற வார்த்தையைச் சொல்லக் கூடாதும்மா. அப்பா சொல்லிக்கொடுத்தது. சொன்னா லட்சுமி எந்திரிச்சுப் போயிருவா.”

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கடைவீதியே அப்படித்தான். உப்பு தீர்ந்தாலும் நாளைக்கு, ஊசி தீர்ந்தாலும் நாளைக்கு. நம்பி மறுநாள் வருகிறவர்கள் குறைவு.

“நாளைக்கு ஒருநாள் மட்டும், இல்லாததை இல்லைன்னு சொல்லுங்க.”

“அம்மா!”

“லட்சுமி கோவிச்சுக்கிட்டா இங்க அனுப்பி வைங்க. நான் பேசிக்கிறேன்.”

மறுநாள் வியாழக்கிழமை.

முதலில் வந்தவர் தபால் ஆபீஸ்காரர். பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். வரிசையாக ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தார். ஒன்றிலும் ஒட்டவில்லை.

“காந்தம் ஒட்டுற பாத்திரம் இருக்கா அண்ணாச்சி?”

இளையபெருமாள் எழுந்தார். சுவரில் இருந்த அப்பா படத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“இல்லை.”

கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தார். வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்பாடா! ஏழு மாசமா நாளைக்கு நாளைக்குன்னீங்க. இன்னைக்குத்தான் பதில் சொல்லியிருக்கீங்க.”

இளையபெருமாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“காந்தம் எதுக்கு?” என்றார். முப்பது வருட வியாபாரத்தில் இப்படி எதற்கென்று ஒருவரிடமும் அவர் கேட்டதில்லை.

“மக கோயம்புத்தூர்ல வேலைக்குப் போயிருக்கா. தனி ரூம். கேஸ் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடலை. கரண்ட் அடுப்புதான். காந்தம் ஒட்டினாத்தான் அதுல பாத்திரம் சூடாகுமாம். போன்ல ஒண்ணு வாங்கினேன், அடி தட்டையா இல்லை, ஆடுது. கையில எடுத்துப் பாத்து வாங்கணும்.”

அடுத்து ஒரு டீச்சர். நல்ல குக்கர், கைப்பிடி மட்டும் உடைந்துபோயிருந்தது. மாற்றித் தருவீர்களா?

“ஆள் இல்லை.”

“யாராவது வந்தா சொல்லுங்க. எங்க தெருவுலயே இப்படி நாலு வீட்ல கிடக்கு.”

மத்தியானம் ஒரு வயதான தம்பதி. பிள்ளைகள் துபாயில். இட்லி அவிக்கிற பெரிய கொப்பரையில் நாலு இட்லிக்காக ஒரு குடம் தண்ணீர் கொதிக்கிறது என்று அந்த அம்மாவுக்கு வருத்தம்.

“சின்னக் கொப்பரை இல்லை தாயி.”

“இல்லைன்னா சொல்லி வாங்கித் தாங்களேன். அவசரமில்லை.”

சாயங்காலம் மடத்துக்குப் போனபோது அவருக்குக் குரல் கம்மியிருந்தது.

“எத்தனை பேருக்கு இல்லைன்னீங்க?”

“எண்ணலைம்மா.”

“என்ன கேட்டாங்க?”

சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். சட்டிப்பானை வந்த பெட்டியைக் கிழித்தது. இரண்டு பக்கமும் பென்சில் எழுத்து. வாசிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

“கடைசியில இருக்கிறது நீங்க கேட்டது. கஞ்சிப் பாத்திரம்.”

“லட்சுமி எந்திரிச்சுப் போனாளா?”

அவர் அட்டையைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. கடை திறந்த கையோடு செல்போன் கடைக்காரர் வந்து நின்றார்.

“சாவி வாங்க வந்தேன் அண்ணாச்சி.”

இளையபெருமாள் பையிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

“நேரம் சரியில்லையா? நாளைக்கு வரட்டுமா?”

நாளைக்கு வாங்க. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

இளையபெருமாள் இந்த முறை அப்பா படத்தை நேராகப் பார்த்தார்.

“இல்லை” என்றார். “கடை கொடுக்கிறதுக்கு இல்லை.”