பதினோரு வருஷம் துடைத்த பலகை

பெண்கள் படிக்கட்டின் கைப்பிடிச் சுவர் ஐப்பசி மழையில் இடிந்து விழுந்தது. அதைக் கட்டி முடிக்கும்வரை பெண்கள் யாரும் மாடிக்குப் போக வேண்டாம் என்று கல்லூரி சொல்லிவிட்டது. நூலகம் மாடியில் இருந்தது.

இன்னொரு படிக்கட்டும் உண்டு. நல்ல அகலம். அதன் அடியில் ஒரு பலகை: ‘பெண்கள் இவ்வழி ஏறக்கூடாது.’ அந்தக் கல்லூரியில் ஆணுக்கு ஒரு படி, பெண்ணுக்கு ஒரு படி. ஏன் என்று கேட்டால் ஒழுக்கம் என்பார்கள். அதற்கு மேலும் கேட்டால் அப்பாவைக் கூட்டி வா என்பார்கள்.

சந்தனமாரி முதலாண்டு சமூகவியல். பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது. நூலகத்தில் அந்தத் தாளுக்குத் தமிழில் ஒரே புத்தகம், ஒரே பிரதி. வெளியே தரமாட்டார்கள். சேர்க்கும்போதே அவள் அப்பா சொல்லியிருந்தார், “ஒரு பேப்பர் போச்சுன்னாலும் மாப்பிள்ளை பார்த்துருவேன்.” சொன்னால் செய்கிற ஆள்.

அவள் எப்சிபா மேடத்திடம் போனாள். சமூகவியல் எடுப்பவர் அவர்தான். முப்பத்தைந்து வயது. அதிகம் பேசமாட்டார். பேசினால் சுள்ளென்று இருக்கும்.

“மேடம், இந்த ரூலை யார் போட்டது? ஆளைக் காட்டுங்க, போய்க் கேக்குறேன்.”

“கேட்டு?”

“ரெண்டுல ஒண்ணு பாத்துருவேன்.”

மேடம் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “முதல்ல அது எங்க இருக்குன்னு பாரு.”

“போர்டுல இருக்கே, அவ்வளவு பெருசா.”

“அப்ப நாளைக்கு அந்தப் படிக்கு எதிர்ல உட்காரு. ஏறுற ஆளையெல்லாம் எழுது. ஆண் எத்தனை, பெண் எத்தனை.”

“பெண் எப்படி மேடம் ஏறும்?”

“எழுதுன்னேன்.”

மறுநாள் ஏழு மணிக்கே எதிர் பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்தாள். படிக்குக் காவல் பரமசிவம். அவர் மீசையை நீவிக்கொண்டே வந்தார்.

“என்னம்மா, ஏறுற பயலையெல்லாம் இப்படிப் பாக்க? மாப்பிள்ளை பாக்கியோ?”

“ஆமாண்ணே. ஒண்ணும் தேறல.”

சாயங்காலம் நோட்டைக் கொடுத்தாள். ஆண் 438. பெண் 0.

“நாளைக்கும் உட்காரு.”

மறுநாள் ஆண் 451. பெண் 0.

“சுழிதானா?” என்றார் மேடம்.

“கண்ணை எடுக்கல மேடம். தண்ணி குடிக்கக்கூடப் போகல.”

“காலையில படி எப்படி இருந்துச்சு?”

“ஈரமா இருந்துச்சு. ஒரு பையன் வழுக்கி, அப்படியே உட்கார்ந்தபடியே நாலு படி இறங்கினான்.” அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“யாரு கழுவினது?”

சிரிப்பு நின்றது.

பார்த்திருந்தாள். இரண்டு நாளும் பார்த்திருந்தாள். நீலக் கோட்டு, வாளி, துடைப்பம். தன் பெஞ்சுக்கு அடியில் பெருக்கும்போது காலைத் தூக்கிக்கூடக் கொடுத்தாள். அந்த அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கினார்.

“அது... பெருக்குற அக்கா மேடம். வேலைக்குப் போறாங்க. அது இதுல வராதுன்னு...”

மேடம் நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார். “அந்த ரூல் எங்க இருக்குன்னு இப்பப் பாத்துட்டியா?”

சந்தனமாரிக்கு முகம் எரிந்தது. கோபமும் வந்தது.

“நீங்க மட்டும் என்ன மேடம்? இத்தனை வருஷத்துல ஒரு நாள் அந்தப் படியில ஏறியிருக்கீங்களா?”

“இல்ல. வந்த வருஷம் நானும் எண்ணினேன்.”

“எத்தனை எழுதினீங்க?”

“சுழி.”

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அந்த அம்மா துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். சந்தனமாரி பக்கத்தில் போய் நின்றாள்.

“அக்கா, உங்களை அந்தப் படியில யாரும் மறிக்க மாட்டாங்களா?”

“என்னைய எதுக்கு மறிக்கணும்?”

“போர்டுல போட்டிருக்கே.”

“என்ன போட்டிருக்கு?”

வாசித்துச் சொன்னாள். பிழிகிற கை நின்றது.

“பதினோரு வருஷமா அதைத் துடைக்கேன். படியில துப்பாதேன்னு எழுதியிருக்கும்னுல்ல நெனச்சேன். இன்னொருக்கச் சொல்லு.”

“பெண்கள் இவ்வழி ஏறக்கூடாது.”

“பெருக்குறவ ஏறலாம்னு கீழ எதுவும் இருக்கா?”

“இல்லக்கா.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்க்கா.”

“சரி.”

அவ்வளவுதான். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஆண்கள் படிக்கட்டின் அடியில் ஒரு வாளி கவிழ்ந்திருந்தது. அதன்மேல் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மாடியில் முதல்வர் அறை, நூலகம், ஆண்கள் கழிப்பறை. எதுவும் பெருக்கவில்லை, கழுவவில்லை.

“என்னக்கா, மேலுக்கு முடியலையா?” என்றார் பரமசிவம்.

“நல்லாத்தான் இருக்கேன். பொம்பளை ஏறக்கூடாதாமே.”

“ஏ, அது உன்னையவா சொல்லுது?”

“பின்னே? நான் என்ன ஆம்பளையா?”

பரமசிவம் பலகையைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். பீடி பிடிக்கப் போய்விட்டார்.

அலுவலகக் கண்காணிப்பாளர் தனுஷ்கோடி கத்திக்கொண்டே வந்தார். “சீட்டைக் கிழிச்சு அனுப்பிருவேன், தெரியுமா?”

“அனுப்புங்க. அடுத்து வர்றவளும் பொம்பளையாத்தான் வருவா. எந்த ஆம்பளை வருவான் உங்க கக்கூஸைக் கழுவ?”

தனுஷ்கோடி தோட்டக்காரரைக் கூப்பிட்டார். எனக்குச் செடிதான் வேலை என்று அவர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு செடிக்குள் மறைந்தார். பரமசிவத்தைக் கூப்பிட்டார். இவர் மீசையைத் தொட்டுக் காட்டினார்.

சந்தனமாரி போய் அந்த வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“நீ எதுக்கு இங்க? உங்கப்பன் நம்பரைக் கொடு” என்றார் தனுஷ்கோடி.

கொடுத்தாள். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். எண் தப்பவில்லை. அவர் குறித்துக்கொண்டு நின்றார். போன் போட்டு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பெண் படியில் ஏறினாள் என்றால் சொல்லலாம். ஏறாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை நாற்றம் கீழே இறங்கியது. எப்சிபா மேடம் ஒரு நாற்காலியையும் வருகைப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். படிக்கட்டின் அடியிலேயே வகுப்பு எடுத்தார். பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பெண்களைத் தாண்டித் தாண்டி ஏறினார்கள். அன்றைக்குப் பாடம் சமூகக் கட்டுப்பாடு. உதாரணம் ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை முதல்வர் கைக்குட்டையோடு இறங்கி வந்தார். பலகையை முதல் தடவை பார்ப்பவர்போல வெகுநேரம் பார்த்தார்.

“இதை யார்யா வெச்சது?”

தனுஷ்கோடிக்குத் தெரியவில்லை. பரமசிவம் வேலைக்கு வந்தபோதே இருந்ததாம். யாருக்கும் தெரியவில்லை.

“கழத்துங்க.”

பரமசிவம் கழற்றினார். ஆணி துருப்பிடித்து வர மறுத்தது. அந்த அம்மாதான் எழுந்து வாளியின் கைப்பிடியைக் கொடுத்து நெம்பச் சொன்னார். பலகை இருந்த இடத்தில் மட்டும் சுவர் வெள்ளையாக இருந்தது.

“தள்ளுங்க, வேலை கிடக்கு” என்று துடைப்பத்தோடு அவர் முன்னால் ஏறினார். பின்னால் சந்தனமாரி. அவளுக்குப் பின்னால் அறுபது பெண்கள்.

புத்தகம் கிடைத்தது. பரீட்சைக்கு இன்னும் பதினாலு நாள் இருந்தது.

பரீட்சையோடு கொடுக்க வேண்டிய களப்பணி அறிக்கையைச் சந்தனமாரி எழுதினாள். எட்டுப் பக்கம். மேடம் மாடியில் நூலக வாசலில் நின்றபடியே வாசித்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ‘மாணவியரின் தொடர் முயற்சியால் இவ்விதி நீக்கப்பட்டது.’

சிவப்புப் பேனா அதன்மேல் ஓடியது.

“யார் நீக்கினது?”

“அந்தப் பெருக்குற அக்கா மேடம்.”

“பேரு?”

சந்தனமாரி அதைக் கேட்டதே இல்லை. மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஊறுகாய் வாங்கித் தின்றிருந்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா மேடம்?”

மேடம் பேனாவை மூடினார். “போய்க் கேளு. எனக்கும் சொல்லு.”

ஓடினாள். அந்த அம்மா அதே படியில், நடுவில் குனிந்து கழுவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, உங்க பேரு என்ன?”

“எதுக்கு? மொட்டை மனு எழுதப் போறியா?”

“பரீட்சைக்கு எழுதணும்.”

“என் பேரையா?” நிமிர்ந்து கையைக் கோட்டில் துடைத்தார். பேரைச் சொன்னார். “இனிஷியலோட எழுது. எழுதிட்டு வாசிச்சுக் காட்டணும். இனிமே வாசிச்சுக் காட்டாம நான் எதையும் துடைக்க மாட்டேன்.”

சந்தனமாரி ஈரப் படியில் பார்த்துப் பார்த்து ஏறி வந்தாள். மேடம் அறிக்கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அடித்த வரிக்கு மேலே எழுதினாள். இருவரும் குனிந்து வாசித்தார்கள்.

மு. வெள்ளத்தாய்.