பசுவின் முறை

பசு செத்த மறுநாள் ஞானசிகாமணிக்குக் கஞ்சி இறங்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் அரசாங்கக் கால்நடை டாக்டராகக் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மீதி ஆயுசை ஆண்டவருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்து, கென்யாவின் வறண்ட வடக்குச் சீமைக்கு மிஷனரியாக வந்திருந்தார். அங்கே மிஷன் கால்நடை ஆஸ்பத்திரியை நடத்திவந்த டாக்டர் எப்சிபா, வயதில் அவருக்கு மகள் போல. ஆனாலும் அந்த மண்ணில் எப்சிபாதான் குரு, இவர் நேற்று வந்த சீடர்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றார்.

எப்சிபா ஒரு வெள்ளாட்டின் பின்னால் மண்டியிட்டிருந்தார். உள்ளே குட்டி தலை மடங்கி மாட்டியிருந்தது.

"கேளுங்க அண்ணாச்சி. அப்படியே ஆட்டைப் பிடிச்சுக்கோங்க."

"நேத்து அவ்வளவு உருக்கமா ஜெபிச்சேன். ஆண்டவர் ஏன் கேக்கல?"

எப்சிபாவின் கை மணிக்கட்டுவரை உள்ளே இருந்தது. ஞானசிகாமணி ஆட்டைப் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் கண்ணை மூடி, "அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தார். கண்ணைத் திறந்தபோது குட்டி தரையில் கிடந்து தும்மிக்கொண்டிருந்தது.

"நீங்க ஜெபிக்கவே இல்லையேம்மா?"

"'ஆண்டவரே'ன்னேன். அதுக்கு மேல நேரமில்ல" என்று எப்சிபா கை கழுவப் போனார்.

ஞானசிகாமணிக்கு முகம் சுண்டிவிட்டது. ஊரில் அவருடைய ஜெபத்துக்கு ஒரு பேர் உண்டு. வீட்டுக் கூட்டத்தில் அவர் எழுந்தால் அடுப்படியில் இருப்பவர்கள் தைரியமாக இன்னொரு உலை வைக்கலாம். பூமியில் ஒரு தேசத்தையும் விடமாட்டார்.

நேற்றும் அப்படித்தான் ஆயிற்று. எப்சிபா வெளியூர் போயிருந்த நேரம், நகிரு என்ற விதவை தன் ஒரே கறவைப் பசுவை இழுத்துக்கொண்டு வந்தாள். முதல் மழைக்கு முளைத்த ஈரப்புல்லை வயிறு முட்ட மேய்ந்து, இடது பக்கம் மத்தளமாக உப்பிப்போயிருந்தது. விலாவுக்குப் பின்னால் குழாய்க்கத்தியால் ஒரு குத்து, வாயு இறங்கினால் பசு எழுந்துவிடும். தூக்கத்தில் எழுப்பிச் செய்யச் சொன்னாலும் செய்வார்.

ஆனால் வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. வந்து இத்தனை மாதத்தில் அவ்வளவு கூட்டம் அவருக்குச் சேர்ந்ததே இல்லை. பசு பிழைத்தால், பிழைக்கவைத்தது யார் என்று இவர்களுக்குத் தெரியவேண்டாமா? கத்தியைப் பையிலேயே விட்டுவிட்டு, கைகளை உயர்த்திக் கண்ணை மூடினார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது பசு காலை நீட்டியிருந்தது.

இப்போது வாசலில் நகிரு வந்து நின்றாள், இடுப்பில் கைக்குழந்தையோடு.

ஞானசிகாமணிக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தார். திட்டிவிட்டால் கொஞ்சம் நிம்மதி என்றும் நினைத்தார்.

அவள் திட்டவில்லை. தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னாள். எப்சிபா அதைத் தமிழில் சொன்னார்.

"பசு சாயுறத அவ பாத்தாளாம் அண்ணாச்சி. ஒங்களத் தொட்டுக் கூப்பிடக் கையத் தூக்கிட்டாளாம். ஆனா கடவுள்கிட்ட பேசிட்டு இருக்கறவர நடுவுல தொடக் கூடாதுங்கறது இவங்க வழக்கம். அதனால சும்மா நின்னுட்டாளாம்."

ஞானசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணை மூடவும் பயமாக இருந்தது.

"பிள்ளைக்குப் பால் சொந்தக்காரங்க தருவாங்களாம். அதக் கேக்க வரல. அவ்வளவு நேரம் பேசினீங்களே, அவ பசுவப் பத்திக் கடவுள்கிட்ட என்ன சொன்னீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகலாம்னு வந்திருக்கா."

"கர்த்தருடைய சித்தம்னு சொல்லி அனுப்பிருங்கம்மா."

"அவ கேட்டது அது இல்லையே. என்ன சொன்னீங்க?"

"தேசத்துத் தலைவர்களுக்காக ஜெபிச்சேன். நம்மளத் தாங்குற சபைகளுக்காக. இந்தச் சனங்களோட கண்ணு தெறக்கணும்னு..."

"பசுவுக்கு?"

"கடைசியா வச்சிருந்தேன். அதோட முறை வரல."

நகிரு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் பசுவைப் பற்றி ஏதோ நல்ல வார்த்தை பேசுகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஞானசிகாமணியால் தாங்க முடியவில்லை. இந்த வயதில் ஒரு மனுஷியின் முன்னால் இப்படிக் கூனிக் குறுகி நிற்போம் என்று அவர் நினைத்ததே இல்லை.

"இத எப்படிம்மா அவகிட்ட சொல்ல? சொன்னா இருக்கற நம்பிக்கையும் போயிருமே."

"ஒங்க மேல இருக்கறது போகும் அண்ணாச்சி. ஆண்டவர் மேல இருக்கறதாவது நிக்கட்டும். சொல்லுங்க, நான் அவ பாஷையில சொல்லுதேன்."