நூற்றுக்குக் கீழே பார்க்காத கணிதர்

ராஜசபையிலே கணிதர் பூவராகர் மார்தட்டினார். "முந்நூறு கோடியே இருபத்தொன்று! ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் இந்த எண் மீதியில்லாமல் வகுபடாது. நூற்றில் தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் மணலில் வகுத்துப் பார்த்தாயிற்று. மறுத்துப் பேசித் தோற்பவர் ஊரைவிட்டே போகவேண்டும்!"

அந்த மணலைத் தினமும் நிரவுகிற பொம்மக்கா எழுந்தாள்.

"மூணு பேருக்குப் பங்கு வையுங்க சாமி. ஆளுக்கு நூறு கோடியே ஏழு."

சபை சிரித்தது. தலை நரைத்துப்போன பூவராகர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நூற்றுக்குக் கீழே சின்னப்பிள்ளைக் கணக்கென்று விட்டேனே! தெரிந்தும் ஏனம்மா சொல்லவில்லை?"

"முதல் நாளே சொல்ல வந்தேன் சாமி. மணல் நிரவ வந்தவளுக்குப் பேச்செதுக்குன்னு விரட்டினீங்க. ரோஷத்துல வாயை மூடிக்கிட்டேன்." பொம்மக்காவுக்குக் கண் கலங்கியது. "அது பன்னிரண்டு வருஷத்தைத் தின்னுடும்னு நான் நினைக்கலை."